தலைமடையும் கடைமடையும்: தோல் தொழிலில் செங்குத்து இணைப்பு

ராஜகீழ்ப்பாக்கத்தில் நம் பழைய மாணவர் ஒருவர் பன்னிரண்டு தையல் எந்திரங்களுடன் சிறு பட்டறை ஒன்றை நடத்தி வருகின்றார். காலணியின் மேற்பகுதியைத் தைத்துக் கொடுப்பதே அங்கு நிகழும் வேலை. அதனைத் தொழிலாளர் ‘அப்பர்’ என்றே வழங்குவர். ஏற்றுமதி நிறுவனம் ஒன்று, தோலை உரிய வடிவில் வெட்டித் துண்டுகளாகக் கட்டி அனுப்பும். இவர் அவற்றின் ஓரம் சீவி, ஒட்டி, மடித்து, தைத்துத் திருப்பி அனுப்புவார். சோடிக்கு இவ்வளவு என்பது கூலி. சென்ற ஆண்டு அவர் நம்மைக் காண வந்தபோது முகத்தில் தெளிவு இல்லை. “ஐயா, தோலும் என்னுடையது இல்லை, காலணியும் என்னுடையது இல்லை. நடுவில் ஊசியும் நூலும் மட்டுமே என்னுடையவை. மாமனார் வீட்டை அடமானம் வைத்தாவது முழுக் காலணியும் நாமே செய்து நம் பெயரில் விற்போம் என்கிறார். செய்யலாமா?” என்று வினவினார்.

தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவன்று இது. எனினும் மாணவர் கேட்டுவிட்டார். வீடு ஒன்று இதில் அடங்கியுள்ளது. ஆகவே வணிகவியல் துறை நண்பர்களிடம் கேட்டும், படித்தும், குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தொழில் செய்த பெரியவர்களுடன் உரையாடியும் நாம் அறிந்தவற்றை இம்மலரில் எழுத முற்பட்டோம். தமிழ்த்துறை மலரில் வணிகம் எதற்கு என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவோம். சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கத்தைக் காட்டுமிடத்தில் துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியே எண்ணிச் சொல்கிறது. தொழிலைப் பகுத்துக் காணும் கண் நம் இலக்கியத்திற்குப் புதிதன்று. பாக்கத்தில் தொடங்கிய அந்தக் கணக்கை இந்தப் பாக்கத்திலிருந்து நாமும் சற்றுத் தொடரலாம் அன்றோ?

சொல்லும் பொருளும்

ஒரு பொருள் மூலப்பொருளாகத் தோன்றி நுகர்வோர் கையை அடையும்வரை பல நிலைகளைக் கடக்கிறது. அந்நிலைகளுள் ஒன்றை மட்டும் செய்துவந்த நிறுவனம், அதற்கு முந்திய நிலையையோ பிந்திய நிலையையோ தன் உடைமையாக்கிக்கொள்வது செங்குத்து இணைப்பு எனப்படும். நூல் ஆலை நெசவாலையைத் தொடங்குவது முன்னோக்கிய இணைப்பு. நெசவாலை பருத்தி அரைவையில் இறங்குவது பின்னோக்கிய இணைப்பு. ஒரே நிலையிலுள்ள இரு ஆலைகள் சேர்வதோ கிடைநிலை இணைப்பாகும்.

பாடநூல்கள் இவ்வாறு கூறும். ஆயின், ‘செங்குத்து’ என்னும் சொல் மாணவர் உள்ளத்தில் ஏணியின் உருவத்தையே எழுப்புகிறது. மேலே ஏறுவது உயர்வு என்னும் எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. நம் நாட்டு வழக்கில் இதனினும் பொருந்தும் உருவம் ஒன்று உண்டு. அது வாய்க்கால். ஏரியிலிருந்து முதலில் நீர் பெறுவது தலைமடை. இறுதியிற் பெறுவது கடைமடை. பாசனத்தில் அதிகாரம் தலைமடைக்காரரிடம் இருக்கும். கடைமடைக்காரர் கையேந்தி நிற்பார். வணிக வாய்க்காலிலோ பெரும்பாலும் இது தலைகீழாகிறது. தோல் உரிப்பவர் தலைமடையில் இருக்கிறார். காலணிக் கடை கடைமடையில் இருக்கிறது. விலையை முடிவு செய்வதோ கடைமடை. இதனை மனத்திற் கொண்டால் தமிழகத் தோல் தொழிலின் நூறாண்டு வரலாறு எளிதில் விளங்கும்.

குரோம்பேட்டை என்னும் பெயர்

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து தாம்பரத்தைக் கடந்து சில கல் வடக்கே சென்றால் குரோம்பேட்டை. நாள்தோறும் பேருந்து நடத்துநர் கூவும் இப்பெயர் ஒரு வேதியியற் பெயர் என்பதை அவ்வூர்ப் பிள்ளைகளே பலர் அறியார். தோலைப் பதனிடும் முறைகள் இரண்டு. ஆவாரம்பட்டை, கடுக்காய் முதலிய தாவரப் பொருள்களில் ஊறவைப்பது பழைய முறை. அது பல வாரங்கள் பிடிக்கும். குரோமிய உப்பினால் பதனிடுவது புதிய முறை. அதில் பதனிடும் படி ஓரிரு நாளில் முடிந்துவிடும். தோல் நீரிற் கெடாது, வெப்பமும் தாங்கும்.

சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் 1903-ஆம் ஆண்டு ஆல்பிரட் சாட்டர்டன் இம்முறையைச் சோதிக்கத் தொடங்கினார். அவர் நாடியது சீமைக் காலணியன்று. உழவர் கமலை ஏற்றத்தில் நீர் இறைக்கும் தோற்பை நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கங்களுள் முதன்மையானது. முயற்சி வெற்றி கண்டது. ஆயினும் அரசே தொழில் நடத்துவதை இலண்டனிலிருந்த இந்திய அமைச்சர் மார்லி பிரபு 1910-இல் ஏற்க மறுத்தமையால் அரசு அதனைக் கைவிட நேர்ந்தது. அதன்பின் 1912-ஐ ஒட்டி ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பார் பல்லாவரத்தை அடுத்துக் குரோம் தோல் தொழிற்சாலையை நிறுவினார். தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்பு குரோம்பேட்டையாயிற்று. ஊருக்கே பெயரிட்ட அத்தொழில், அவ்வூர் ஒரு கண்ணியாக இருந்த நீண்ட சங்கிலியின் நடுப்பகுதி மட்டுமே என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இலண்டன் கடைமடையாக இருந்த காலம்

சென்னைப் பெரியமேட்டிலும், வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திருச்சி, திண்டுக்கல், ஈரோடு முதலிய ஊர்களிலும் தோல் வணிகமும் பதனிடுதலும் பெருகின. இவ்வணிகத்தில் நம் சமுதாயத்தார் பெரும் பங்கு வகித்தமை முதியோர் அறிந்தது. 1951-இல் தோன்றிய திருச்சிக் கல்லூரிக்குப் பெயராக நிலைத்த ஜமால் முகம்மது சாகிபும் தோல் வணிகரே.

இவர்கள் செய்து அனுப்பியது ‘ஈ.ஐ. தோல்’ என்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. கிழக்கிந்தியத் தோல் என்பது அதன் விரிவு. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. பெருமைக்குரிய பெயர்தான். ஆயின் அது பாதி வேலை முடிந்த தோல். தாவரப் பட்டையிற் பதனிட்டு, எண்ணெயிட்டு, உலர்த்தி, கப்பலேற்றி இலண்டனுக்கு அனுப்புவர். அங்கு அது ஏலத்தில் விலைபோகும். வாங்கியவர் மீண்டும் பதனிட்டு, சாயமேற்றி, மெருகிட்டு, காலணியாகவும் கைப்பையாகவும் ஆக்குவர். சாயத்தின் நிறத்தை முடிவு செய்பவரும், எந்தத் தடிமனில் தோல் வேண்டும் என்று சொல்பவரும், இவ்வாண்டு எவ்வளவு வேண்டும் என்று கணிப்பவரும் அங்கேயே இருந்தனர். இங்கிருந்த வணிகர் தோலின் தரத்தைத் தடவிப் பார்த்தே சொல்லும் வல்லுநர். எனினும் தம் தோல் எவருடைய காலில் எவ்வுருவில் ஏறுகிறது என்பதை அவர் காணவில்லை.

முதல் உலகப் போர் இதனை ஓரளவு கலைத்தது. போருக்கு முன் வட இந்தியப் பச்சைத் தோல் கல்கத்தா வழியே பெருமளவில் செர்மனிக்குச் சென்றது. போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது. பிரிட்டிஷ் படைவீரரின் பூட்சுக்குச் சென்னையிற் பதனிட்ட மாட்டுத்தோல் தேவைப்பட்டது. தோல்கூடங்கள் பெருகின. 1919-இல் பச்சைத் தோல் ஏற்றுமதி மீது 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பதனிடும் வேலை இந்நாட்டிலேயே நிகழட்டும் என்னும் எண்ணம் அதில் இருந்தது. ஆயினும் சங்கிலியின் கடைக்கோடி அசையவில்லை. நாடு விடுதலை பெற்றபோதும் பாதி முடிந்த தோலே நம் முதன்மைச் சரக்காக இருந்தது.

இங்கு ஓர் ஐயம் எழலாம். இலாபம் கடைமடையில் இருப்பது தெரிந்தும் அக்கால வணிகர் ஏன் காலணி செய்யவில்லை? அவர்களைத் துணிவற்றவர் என்று சிலர் எழுதியுள்ளனர். அது நேர்மையான மதிப்பீடன்று என்பது நம் கருத்து. பட்டையில் பதனிட்ட தோல் ஓராண்டு கிடந்தாலும் விலைபோகும். காலணியோ ஒரு பருவம் தவறினால் வழக்கொழிந்த வடிவமாகி மூலையில் கிடக்கும். அளவு, நிறம், குதிகால் உயரம் யாவும் வாங்கும் நாட்டின் வழக்கம். அதனை அறியாது முதலிடுவது வாணிபமன்று, சூதாட்டம். தமக்குத் தெரிந்த நிலையில் நின்றமை அவர்களது விவேகமே ஆகும். நிலைமை மாறியபோது அவர்களுடைய பிள்ளைகள் துணிந்தனர்.

1973-உம் அதற்குப் பின்னும்

அந்நிலைமையை மாற்றியது அரசு. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி 1973-இல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. பாதி முடிந்த தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. ஆண்டுதோறும் அக்கட்டுப்பாடு இறுகியது. முழுதும் முடித்த தோலுக்கும் தோற்பொருளுக்கும் ஊக்கம் தரப்பட்டது. நூலேட்டில் முன்னோக்கிய இணைப்பு என்பது நிறுவனம் எண்ணித் தெரிந்தெடுக்கும் உத்தி. தமிழகத்திலோ அது முதுகில் கைவைத்துத் தள்ளப்பட்ட உத்தி.

தள்ளப்பட்டோர் விழாமல் காத்ததில் அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திற்குப் பெரும் பங்கு உண்டு. 1948-இல் தோன்றிய அந்நிலையம், டாக்டர் ஒய். நாயுடம்மாவின் தலைமையில் ஆய்வுக்கூடத்தைத் தோல்கூடத்தோடு இணைத்தது. சாயமேற்றலும் மெருகிடலும் இங்குள்ளோர் கைக்கு வந்தன. 1985-இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் நாயுடம்மா மறைந்தபோது பெரியமேட்டில் அழுதவர் பலர் என்று முதியவர் ஒருவர் நம்மிடம் கூறினார். அறிவு என்னும் கண்ணி இல்லாமல் உடைமை என்னும் கண்ணி மட்டும் சேர்ந்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும்.

ஆம்பூர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1976-இல் தொடங்கிய ஃபரீதா காலணி நிறுவனம் பின்னர்த் தோல்கூடமும் காலணித் தொழிற்சாலைகளும் கொண்ட குழுமமாக வளர்ந்து, கிளார்க்ஸ் போன்ற வெளிநாட்டுப் பெயர்களுக்குக் காலணி செய்து தருகிறது. அதன் தலைவர் எம். ரபீக் அகமது 2011-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவ்வட்டாரத்தில் இவ்வாறு வளர்ந்த நிறுவனங்கள் பல. அவற்றில் வேலை செய்வோருள் பெரும்பாலோர் பெண்டிர். தோல்கூடம் ஆண்களின் பணியிடமாக இருந்தது. காலணித் தொழிற்சாலை பெண்களுக்குச் சம்பளமும் காலையில் ஏறிச்செல்லும் பேருந்தும் தந்தது. இணைப்பு உத்தியின் பயன்களை எண்ணும் நூல்கள் இதனைக் குறிப்பதில்லை.

ஆயின் மறுபக்கமும் உண்டு. பட்டைத் தோல் மட்டும் செய்துவந்த சிறு தோல்கூடக்காரர் பலருக்கு மெருகிடும் எந்திரம் வாங்க முதல் இல்லை. சிலர் பெரியவர்க்குக் கூலிக்குப் பதனிட்டுக் கொடுக்கலாயினர். சிலர் குழிகளை மூடிவிட்டனர். சங்கிலி நீண்டபோது அதன் கண்ணிகள் குறைந்த கைகளிற் சென்று சேர்ந்தன.

இவ்வளவு நீண்டும் கடைமடை முழுதும் நம் கைக்கு வந்ததா? வரவில்லை. காலணி இங்கே முடிகிறது. அதன்மேல் பொறிக்கும் பெயர் வேறொருவருடையது. கடையும் வேறொருவருடையது. நம் மாணவருக்கும் அவருக்குச் சரக்குத் தரும் ஏற்றுமதியாளருக்கும் உள்ள உறவே, அவ்வேற்றுமதியாளருக்கும் வெளிநாட்டுப் பெயருக்கும் உள்ளது. அளவில்தான் வேறுபாடு.

இருமுனையும் பற்றியவர்

பெயரும் கடையும் சேர்த்துப் பற்றியவர் யார் எனின் பாட்டாவைச் சொல்ல வேண்டும். செக் நாட்டு ஸ்லின் நகரில் 1894-இல் தோன்றிய அந்நிறுவனம் 1931-இல் இந்தியாவிற் பதிவாகி, 1934-இல் கல்கத்தாவை அடுத்துப் பாட்டாநகரை எழுப்பியது. பீகாரில் மொகாமாவில் தனக்கெனத் தோல்கூடம், பாட்டாநகரில் தொழிற்சாலை, நாடெங்கும் தன் பெயரில் கடை. தாம்பரத்துக் கடைத்தெருவில் ஐந்து பைசா குறைத்து விலையெழுதிய பெட்டியை முதன்முதலில் கண்டு நம் தலைமுறையினர் நகைத்ததுண்டு. அந்த விலையை எழுதும் உரிமை தோல்கூடத்திலிருந்து கடைவரை ஒரே கையில் இருந்ததை நாம் அப்போது உணரவில்லை.

இணைப்பு எல்லை கடந்தால் என்னாகும் என்பதற்கு அமெரிக்க ஃபோர்டு நிறுவனம் சான்று. ரூஜ் ஆற்றங்கரைத் தொழிற்சாலையில் இரும்புத்தாது ஒருபுறம் நுழைய மறுபுறம் கார் வெளிவந்தது. அத்துடன் ஹென்ரி ஃபோர்டு நிற்கவில்லை. டயருக்கான இரப்பரையும் தாமே விளைவிக்க எண்ணி 1928-இல் பிரேசில் காட்டில் ஃபோர்டுலாந்தியா என்னும் தோட்டம் கண்டார். மரங்களை நெருக்கி நட்டமையால் இலைநோய் பரவியது. தொழிலாளர் கலகமும் நேர்ந்தது. 1945-இல் பெருநட்டத்துடன் அத்தோட்டம் பிரேசில் அரசிடமே திரும்பியது. கார் செய்யத் தெரிந்தவர்க்கு மரம் வளர்க்கத் தெரியவில்லை.

பின் எதனைத் தாமே செய்வது, எதனை வெளியில் வாங்குவது? இவ்வினாவை ரொனால்டு கோஸ் 1937-இல் எழுதிய கட்டுரை எழுப்பியது. சந்தையில் வாங்குவதற்கும் செலவு உண்டு. விலை தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், ஒப்பந்தம் எழுத வேண்டும், ஏமாறாமற் காக்க வேண்டும். உள்ளே செய்வதன் செலவினும் இச்செலவு மிகுமாயின் நிறுவனம் அதனைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும் என்றார் அவர். ஆலிவர் வில்லியம்சன் அதனை மேலும் கூர்மையாக்கினார். ஒரே வாங்குநரை நம்பி, அவருக்கு மட்டுமே பயன்படும் எந்திரத்தில் ஒருவர் முதலிட்டுவிட்டால், பின்னர் அவர் கழுத்து அவ்வாங்குநர் கையில். அவ்வாறு பிடிபடும் இடத்திலேயே இணைப்பு தேவை என்பது அவரது கருத்தின் சாரம். இலாபம் மிகுந்த கண்ணியைத் தேடுவதன்று உத்தி. பிறர் நம்மைப் பிடித்து நிறுத்தக்கூடிய கண்ணியைக் கண்டறிவதே உத்தி. நம் மாணவரிடம் நாம் முதலிற் சொன்னதும் இதுவே.

எவரும் விரும்பாத கண்ணி

சங்கிலியில் எவரும் உடைமை கொண்டாட விரும்பாத ஒரு கண்ணியும் இருந்தது. கழிவுநீர்தான் அது. தோல் பதனிடுதற்கு நீர் மிகுதியாக வேண்டும். உப்பும் சுண்ணாம்பும் குரோமியமும் கலந்து அந்நீர் வெளியேறும். பாலாற்றங்கரையில் கிணறுகள் கெட்டன. தென்னையும் நெல்லும் பட்டன. குரோம்பேட்டை, நாகல்கேணிப் பக்கத்துக் கிணறுகளின் நிலையை அங்குள்ளோர் அறிவர். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டை அது நிலைநாட்டியது. அன்றைய வட ஆற்காடு அம்பேத்கர், செங்கை எம்.ஜி.ஆர்., பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி ஆகிய ஐந்து மாவட்டத் தோல்கூடங்களுக்கும் தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் தண்டம் விதித்தது. சுத்திகரிப்பு இன்றி இயங்கலாகாது என ஆணையிட்டது.

இருபது தொட்டி வைத்துள்ள சிறு தோல்கூடம் தனக்கெனச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட இயலாது. வெளியாரிடம் விலைக்கு வாங்கவும் அக்காலத்தில் அப்பணி கிடையாது. தாமே செய்தல், வெளியில் வாங்குதல் என்னும் இரண்டு வழியும் அடைபட்ட இடத்தில் மூன்றாம் வழி பிறந்தது. தோல்கூடக்காரர் பலர் பங்கு போட்டுப் பொதுச் சுத்திகரிப்பு நிறுவனங்களை அமைத்தனர். பல்லாவரம் தோல்கூடங்களுக்கு நாகல்கேணியில் ஒன்று. வாணியம்பாடியில் வானிடெக், இராணிப்பேட்டையில் ரானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக். சந்தையில் ஒருவரோடொருவர் விலையில் மோதுவோர், கழிவுநீர்க் குழாயில் பங்காளிகளாயினர். 2009-இல் வில்லியம்சனுடன் பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார், பொதுச் சொத்தை அதனைப் பயன்படுத்துவோரே விதி வகுத்துக் காக்க இயலும் என்று காட்டியவர். நம் ஏரிகளின் நீர்ப்பங்கீடு அறிந்தவர்க்கு அது வியப்பூட்டும் செய்தியன்று.

இதனைப் புகழ்ந்தே எழுதிவிடலாகாது. 2015 சனவரி 31-ஆம் நாள் விடியுமுன் இராணிப்பேட்டைச் சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலிருந்த தோல்கூடத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் மாண்டனர். பலருடைய உடைமை எவருடைய பொறுப்பும் ஆகாமற் போவதுண்டு. கூட்டில் சேர்வோர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது இலாபப் பங்கையன்று. தொட்டிச் சுவரை யார் நாள்தோறும் பார்ப்பது என்பதை.

இன்றைய திருப்பம்

ஐம்பதாண்டு தள்ளிய கை இப்போது சற்றுத் தளர்ந்துள்ளது. 2025 பிப்ரவரி மத்திய நிதிநிலை அறிக்கை, இடைநிலைத் தோலாகிய ‘கிரஸ்ட்’ மீதிருந்த 20 விழுக்காடு ஏற்றுமதி வரியை நீக்கியது. குரோமில் பதனிட்ட ஈரத்தோலாகிய ‘வெட்புளூ’ இறக்குமதிக்குச் சுங்கவரி விலக்கும் தந்தது. தோல்கூடம் மட்டும் வைத்திருப்போர்க்கு இது கதவு திறந்தாற்போலாயிற்று. காலணி செய்வோர்க்கோ நல்ல தோல் கப்பலேறிவிடுமோ என்னும் அச்சத்திற்கு இடமாயிற்று. ஒரே சங்கிலியின் இரு கண்ணிகள் ஒரே செய்தியை இருவேறு முகத்துடன் படிக்கின்றன.

மற்றொரு மாற்றம் செய்யாற்றில் நிகழ்ந்தது. தைவான் நாட்டு நிறுவனம் அங்கு அமைத்த தொழிற்சாலைகளில் உலகப் பெயர் பெற்ற விளையாட்டுக் காலணிகள் உருவாகின்றன. அவற்றில் பெரும்பகுதி தோலன்று. நெய்த துணியும் செயற்கைப் பொருளுமே. தமிழக அரசு 2022-இல் வெளியிட்ட கொள்கை ‘காலணி மற்றும் தோற்பொருள்’ என்று காலணியை முன்வைத்துப் பெயர் சூட்டியது தற்செயலாகாது. தோலிலிருந்து தொடங்கிக் காலணிவரை சங்கிலி கோத்த ஊருக்கு அருகிலேயே, தோல் என்னும் முதற்கண்ணியே வேண்டாத சங்கிலி வந்து நிற்கிறது. தாம்பரத்தில் 1984-இல் தோன்றிய ஏற்றுமதி மண்டலமும் பொருள்களின் பகுதிகளை வரவழைத்து வேலை முடித்து அனுப்பும் முறைக்கே இடந்தந்தது. எல்லாவற்றையும் ஒரே மதிலுக்குள் செய்வது ஒன்றே வழி என்பார்க்கு அம்மண்டலத்தின் வாயிலில் சிறிது நேரம் நின்று பார்க்குமாறு கூறலாம்.

மீண்டும் பட்டறைக்கு

மாணவரிடம் நாம் ஒரு கேள்வியே கேட்டோம். “ஏற்றுமதியாளர் எவ்விடத்தில் உம்மைப் பிடித்து நிறுத்துகிறார்?”

கூலியைச் சொல்வார் என எதிர்பார்த்தோம். அவர் சிறிது எண்ணிவிட்டு, “வெட்டில், ஐயா” என்றார்.

அதனை அவர் விளக்கியபோது நாம் மாணவரானோம். ஒரு தோல் முழுதும் ஒரே தரமாக இராது. முதுகுப்பகுதி இறுக்கமானது, வயிற்றுப்பகுதி நெகிழும். உண்ணி கடித்த தழும்பும், உரிக்கும்போது கத்தி பட்ட கீறலும் ஆங்காங்கே இருக்கும். காலணியின் முன்மூக்குக்கு எப்பகுதி, உட்புறம் மறையும் இடத்திற்கு எப்பகுதி என்று பார்த்து அச்சுவார்ப்பை வைத்து வெட்டுவதே பெருந்திறம். தோற்காலணியின் அடக்கவிலையில் தோலின் பங்கு மிகப் பெரிது. ஆகவே வெட்டுபவர் கையில் இலாபமும் நட்டமும் உள்ளன. இவருக்கு வருபவை வெட்டிய துண்டுகள். வலக்கால் துண்டும் இடக்கால் துண்டும் நிறத்தில் ஒவ்வாவிட்டால், நெகிழ்ந்த துண்டு தையலில் இழுபட்டால், தவறு தையலின்மேல் எழுதப்படும். கூலியிற் பிடித்தம் வரும். துண்டு குறைந்தால் பன்னிரண்டு எந்திரமும் வேறு கட்டு வரும்வரை சும்மா கிடக்கும். அந்நாட்கூலியை அவரே கொடுப்பார்.

எனவே மாமனார் சொன்ன முழுக் காலணி, இவர் சொன்ன நோய்க்கு மருந்தாகாது. அச்சில் ஏற்றி இழுக்கும் எந்திரம், அடி ஒட்டும் எந்திரம், ஒவ்வொரு அளவுக்கும் அச்சுக்கட்டைகள், கடைக்காரர்க்குக் கடன் என அதற்கு வேண்டுவன பல. அவை யாவும் வீட்டின் விலையை விழுங்கும். பெயரறியாக் காலணியைக் கடையில் முன்வரிசையில் வைப்பார் யார்? பின்னோக்கி ஒரே ஓர் அடி வைத்து வெட்டும் வேலையைத் தாம் ஏற்றால், முழுத் தோலாகப் பெற்றுக்கொண்டு இத்தனை சோடி தருவேன் என்று ஒப்புக்கொள்ளலாம். தவறு எவருடையது என்பது தெளிவாகும். மிச்சம் பிடித்த தோலுக்குப் பங்கு கேட்கவும் இடமுண்டு.

வெட்டும் எந்திரம் ஒன்று ஒரு பட்டறைக்கு மிகை. பாதி நாள் வெறுமனே நிற்கும். சேலையூரிலும் செம்பாக்கத்திலும் இவரைப் போலவே அப்பர் தைத்துக் கொடுப்போர் இருவரைச் சேர்த்துக்கொண்டார். மூவரும் பழைய எந்திரம் ஒன்றைப் பங்கு முதலில் வாங்கினர். யார் எந்நாளில் வெட்டுவது, பழுது வந்தால் யார் செலவு, ஒருவர் விலகினால் அவர் பங்கை எவ்விலைக்கு எடுப்பது என்பனவற்றை நாமே அமர்ந்து முத்திரைத்தாளுக்கு வாசகம் எழுதிக் கொடுத்தோம். தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு வேலை கிடைத்தது. வெட்டுபவராக, குரோம்பேட்டையில் முப்பதாண்டு உழைத்து ஓய்ந்திருந்த முதியவர் ஒருவரை அழைத்தனர். அவர் கூலி வேண்டாம் என்றார். நான்காவது பங்காளியாகச் சேர்ப்பதாயின் வருவேன் என்றார். சேர்த்துக்கொண்டனர்.

மாமனார்க்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நான்கு பேர் கூடிய கடை நாற்பது நாள் தாங்காது என்று அவர் நம்மிடமே சொன்னார். கடந்த மாதம் நாம் சென்றிருந்தபோது எந்திரம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதியவர் கறுப்புத் தோல் ஒன்றைப் பலகையில் விரித்து, விளக்கைத் தாழ்த்தி, உள்ளங்கையால் வயிற்றுப்பகுதியைத் தடவிக்கொண்டிருந்தார். தழும்பிருந்த இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார். ஏற்றுமதியாளர் அலுவலகத்திலிருந்து வந்த இளைஞர், சோடிக்குத் தோல் அளவு குறைத்து எழுதிய புதிய தாளை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். முதியவர் அதனை எடுத்துப் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு தோலை விரித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கட்டில் அவ்வளவு வராது. வேண்டுமானால் நீங்களே அச்சை வைத்துப் பாருங்கள்” என்றார். இளைஞர் தாளைத் திரும்ப எடுத்துக்கொண்டு வெளியே சென்று தொலைபேசியில் பேசலானார். உள்ளே பன்னிரண்டு எந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன.